மலையில் ஒளித்த ஓர் அடித் தண்ணீர்

என் அக்கா புருஷனைப் போல அலுத்துப்போன ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. படுத்து எழுந்தால் தீர்கிற அலுப்பு இல்லை அது. நின்றுகொண்டே சாப்பிடுவார். பல் துலக்கும்போதே கண் சொக்கிவிடும். "அத்தான், பேஸ்ட் சட்டையில வழியுது" என்றால், "வழியட்டும் விடு" என்பார். எரிவாயு மின்நிலையத்தில் அவர் ஷிப்டுப் பொறுப்பாளர். நான் அதே நிலையத்தில் தண்ணீர் சோதிக்கும் கூடத்தில் இருக்கிறேன். கொதிகலனுக்குப் போகிற தண்ணீரில் உப்பு இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா என்று நாளெல்லாம் குடுவையை ஆட்டிப் பார்க்கிற வேலை. கட்டுப்பாட்டு அறை அடுத்த கதவு. ஆக, வீட்டிலும் அவர் முகம்தான், வேலையிலும் அவர் முகம்தான். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல மனிதர்களுக்கு உறவாக இருப்பது எவ்வளவு எரிச்சல் என்று என்னைக் கேட்டால் சொல்வேன்.

முன்பெல்லாம் எங்கள் எந்திரம் ஓட ஆரம்பித்தால் வாரக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்களும் மாறி மாறி நிம்மதியாக வேலை பார்த்தோம். பிறகு எங்கே திரும்பினாலும் சூரியத் தகடுகளும் காற்றாலைகளும் வந்துவிட்டன. நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? பகலில் மின்சாரம் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. எங்களை யாரும் சீந்துவதில்லை. அந்த மிச்ச மின்சாரத்தை வைத்து, மலைமேல் இருக்கும் நீர்மின் நிலையத்தில் கீழ்க்குளத்துத் தண்ணீரை மேல்குளத்துக்கு ஏற்றி வைப்பார்கள். வெயில் இறங்கி, ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் விளக்கைப் போடும்போது அந்தத் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். தண்ணீர் உடனே வந்து கைகொடுக்கும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அது தீர்வதற்குள் நாங்கள் எங்கள் எந்திரத்தைச் சூடேற்றிக் கொண்டுவந்து சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். எரிவாயு ஆடி அசைந்துதான் வரும், வந்துவிட்டால் நின்று ஓடும். இந்த இரண்டும் கைகோத்தால்தான் பொழுது சாய்ந்த பிறகு ஊருக்கு வெளிச்சம்.

அதனால் அத்தானுக்கு வேலை நேரம் என்றாலே சாயங்காலம்தான். மத்தியானம் போனால் அக்கம்பக்கம் கதவடைத்த பிறகுதான் திரும்புவார். வருஷக்கணக்காக இதே பாடு.

என் அக்காவுக்கோ சாயங்காலம் ஆனால் கண் தெரியாது. விழித்திரையில் வருகிற வியாதி. பகல் வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோப்பாள், என் தலையில் ஒரு நரை தெரிந்தால் போதும், பிடித்து இழுப்பாள். வெயில் தாழ்ந்ததும் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்க வேண்டும். விளக்குப் போட்டாலும் புகைக்குள் பார்க்கிற மாதிரிதான். பகல் பார்வையும் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எத்தனை நாளில் என்று கேட்டதற்கு, அவர் கையை விரித்துவிட்டார்.

போன மழைக்காலத்தில் மாடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு இறங்கினவள், படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தாள். இன்னும் ஒரு படி இருந்தது. மணிக்கட்டு முறிந்து அங்கேயே கிடந்திருக்கிறாள். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிய பிறகுதான் கீழ்வீட்டு அம்மாள் வந்து தூக்கினார்கள். அத்தான் வேலைச் சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சின்னவளே, எனக்கு இனி வேற ஒண்ணும் வேணாம். பகல் வேலை ஒண்ணு கெடச்சா போதும். இருட்டுல அவ தனியா இருக்கக் கூடாது" என்றார்.

அன்றிலிருந்து அந்த மனிதருக்கு அது ஒன்றுதான் நினைப்பு. கேட்காத ஆள் இல்லை. கடைசியில் வழியும் பிறந்தது. எங்கள் நிலையத்தையும் மலை நிலையத்தையும் ஒரே மேசையிலிருந்து நடத்துவதாக ஏற்பாடு ஆனது. அதில் பகல் மேசை என்று ஒன்று. எவ்வளவு தண்ணீர் ஏற்றுவது, எப்போது ஏற்றுவது என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டு, வெயில் தாழ்கிற நேரம் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். எங்கள் கண்காணிப்பாளரைப் பெரியவர் என்போம். அவர் அத்தானைக் கூப்பிட்டு, "உங்க பேரைத்தான் சொல்லப் போறேன். புது ஏற்பாட்டுல கொஞ்ச நாள் சாயங்காலத்த பிசகில்லாம ஓட்டிக் காட்டுங்க" என்றார். எனக்கு அப்போதே நம்பிக்கை இல்லை. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போவது எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம்.

இங்கே மலைக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மலை நிலையத்தில் சாயங்கால ஷிப்டு அவருடையது. அத்தானும் அவரும் வருஷக்கணக்காக நேரடித் தொலைபேசியில் பேசினவர்கள், ஆனால் நேரில் பார்த்தது அபூர்வம். மேல்குளத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அவர் அளவுகோலைப் பார்த்துப் போனில் சொல்வார். சொல்லும்போது எப்போதும் ஓர் அடி குறைத்தே சொல்வார். உள்ளதைச் சொன்னால் மேலதிகாரிகள் துடைத்து வழித்துவிடுவார்கள் என்ற பயம். எங்கள் எந்திரம் கிளம்ப முரண்டு பிடிக்கும் நாளில் அந்த ஒளித்த தண்ணீரை எடுத்துவிடுவார். "அண்ணே, கொளத்துல இன்னும் கொஞ்சம் கெடக்குது போல. மெதுவாவே வாங்க" என்பார். "ஆமாமா, மீன் கொண்டாந்து ஊத்திருக்கும்" என்பார் அத்தான். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அலுத்துக் களைத்த அந்த மனிதர் சிரித்து நான் கேட்டதெல்லாம் அந்தப் போனில்தான். மலைக்காரர் ஓர் அளவு சொன்னால், அத்தான் கேட்காமலே அதோடு ஓர் அடி கூட்டிக்கொள்வார். கை தானாகச் சட்டைப் பித்தானைப் போடுகிற மாதிரி அது.

புது ஏற்பாட்டில் குளத்துக்குள்ளேயே கருவி வைத்துவிட்டார்கள். தண்ணீர் எவ்வளவோ அது அப்படியே எங்கள் திரையில் தெரியும். "இனிமே ஒளிக்க ஒரு சொட்டுகூட இல்லண்ணே, அம்மணமா நிக்கறேன்" என்று மலைக்காரர் போனில் சொன்னதை நானே கேட்டேன். அத்தானும் கேட்டார், சிரிக்கவும் செய்தார்.

அந்த நாள் முழுக்க மேகம். குளம் பாதிதான் ஏறியிருந்தது. காற்று நன்றாக அடித்ததால் யாரும் கவலைப்படவில்லை. சாயங்காலம் ஊர் விளக்கைப் போட்ட நேரம் பார்த்துக் காற்று படுத்துவிட்டது. நான் தண்ணீர்ச் சோதனை முடிவைக் கொடுக்கப் போனேன். அத்தான் திரையில் குளத்து அளவைப் பார்த்தபடி நின்றிருந்தார். "கெளப்பலையா அத்தான்?" என்றேன். "இன்னும் நேரம் இருக்கு. காத்து திரும்பினாலும் திரும்பும். சும்மா சும்மா சூடேத்திக் குளிரவச்சா மிஷின் எத்தன நாளைக்குத் தாங்கும்?" என்றார். பேச்சில் தப்பில்லை. ஒவ்வொரு முறை கிளப்புவதும் எந்திரத்தின் ஆயுளில் கழிவதுதான். பிறகு அவர் கணக்குப்படி நேரம் வந்ததும் கிளப்பினார். எந்திரம் இன்னும் சூடு ஏறிக்கொண்டிருக்கும்போதே மலையிலிருந்து போன்.

"அண்ணே, அடிமட்டம் தொட்டாச்சு. நிறுத்தறேன்."

"இன்னும் ஒரு அடி இருக்குமேப்பா?"

"எங்கண்ணே இருக்கு? தெரையில இருக்கறதுதான் இருக்கு."

அத்தான் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்தே, உண்மையான அளவோடு அவர் இல்லாத ஓர் அடியைக் கூட்டியிருக்கிறார். எங்கள் எந்திரம் வந்து சேரும்வரை பாதி ஊர் இருட்டில் கிடந்தது.

மறுநாள் விசாரணை. பெரியவர் அறைக் கதவு திறந்தே இருந்தது. நான் வெளியே நின்றேன், ஒட்டுக் கேட்டேன், அதற்கென்ன இப்போது? "அளவு தெளிவா தெரிஞ்சும் ஏன் லேட்டா கெளப்பினீங்க?" என்று கேட்டார் பெரியவர். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷமாக மலையில் ஓர் அடி ஒளித்துவைப்பது வழக்கம், அந்தப் பழக்கத்தில் கை தவறிவிட்டது என்று. பெரியவர் கல்நெஞ்சக்காரர் இல்லை, புரிந்துகொண்டிருப்பார். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி மலைக்காரர்மேல் பாயும். பொய்யளவு சொன்னதற்கு வேலையே போகும். அத்தான், "கவனிக்கல சார்" என்றார். அவ்வளவுதான், அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. பகல் மேசை அடுத்த பெயருக்குப் போனது. அடுத்த பெயர் மலைக்காரருடையது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சைக்கிள் கொட்டகையில் அவரை மறித்தேன். "உங்களுக்கு என்ன பெரிய தியாகின்னு நெனப்பா? அக்கா மறுபடி விழுந்தா அந்த மலைக்காரரா வந்து தூக்குவாரு?"

"கத்தாத. அவன் ஒளிச்ச தண்ணியில எத்தனையோ நாள் என் மானம் தப்பிச்சிருக்கு. இன்னைக்கு அவனைக் காட்டிக்குடுத்து நான் வீட்டுக்குப் போகணுமா?"

"அப்ப அக்கா?"

அவர் சைக்கிள் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடியல சின்னவளே" என்றார். "அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல." அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி நிற்பதைப் பார்த்தால் திட்ட வந்தவளுக்கு எப்படி வாய் வரும்? வீட்டுக்குப் போய் என் பிள்ளைகளைத் திட்டினேன்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை நான் அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அத்தானின் சட்டைக் காலரைத் தைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் எதிரே நாற்காலியில் டீயோடு கண்ணை மூடியிருந்தார். பகல் மேசை கைவிட்டுப் போனதை மட்டும் எப்படியோ அவளிடம் சொல்லியிருந்தார். ஏன் போனது என்பதைச் சொல்லவில்லை. கதவு தட்டும் சத்தம். குள்ளமாக, தலை நரைத்து, கையில் தொப்பியோடு ஒருவர். குரலைக் கேட்டதும்தான் மலைக்காரர் என்று தெரிந்தது.

உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "நீங்க எதுக்காக வாயத் தொறக்கலன்னு எனக்குத் தெரியும்ணே. ராத்திரி தூக்கம் இல்ல. நான் பெரியவர்கிட்டப் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன். வர்றது வரட்டும். பகல் வேலை உங்களுக்குத்தான் சேரணும். அக்காவுக்குக் கண்ணு இப்படி இருக்கு, நான் அதுல உக்காந்தா எனக்குச் சோறு எறங்குமா?" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். ஓர் அடித் தண்ணீரின் கதை முழுவதும் அப்போதுதான் அக்காவின் காதில் விழுந்தது.

எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பாடா, ஒரு மனிதனாவது பேசினானே. அத்தான் பதறி எழுந்தார். "பைத்தியமா உனக்கு? வேலை போயிடும்டா." "போனா போகட்டும்ணே." "உனக்குப் பொண்ணுங்க இருக்கு." இப்படியே இருவரும் மாறி மாறி. நான் நடுவில் புகுந்து, "அவரே சொல்றேங்கிறாரு, விடுங்களேன் அத்தான்" என்றேன்.

"யாரும் எங்கேயும் போய் ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் அக்கா.

தையலைக்கூட நிறுத்தவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நீ சும்மா இரு அக்கா. விழுந்து கையை ஒடச்சிக்கிட்டது போதாதா? உனக்காகத்தானே இவ்வளவும்?"

"சாயங்காலம் பயமாத்தான் இருக்குடி. இல்லேன்னு சொல்லல. சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன், ரேடியோவைப் போட்டுக்கிறேன், பொழுது போயிடுது." நூலைப் பல்லால் கடித்தாள். "ஆனா பகல் வேலைன்னா காலையில போயிட்டு இருட்டறப்பதானே வருவாரு?"

"இருட்டறப்ப துணைக்கு வர்றதுதானே வேணும்?" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கவில்லை, அத்தானைத்தான் பார்த்தாள். "வெளிச்சம் இருக்கறப்பதான் எனக்கு உங்க முகம் தெரியுது. இருட்டினா நீங்க பக்கத்துல இருந்தாலும் வெறும் கொரல்தான். காலையில நீங்க டீயைக் கையில வச்சிக்கிட்டுத் தூங்கறீங்களே, அதைத்தான் நான் தெனம் பாத்துக்கிட்டு இருக்கேன். எத்தன நாளைக்குத் தெரியும்னு டாக்டரும் சொல்லல. அந்தப் பகலையும் கொண்டுபோய் அந்த வேலைக்கா குடுக்கப் பாத்தீங்க?"

மலைக்காரர் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். ஒரு வருஷமாக அவளுக்காக ஆளாளுக்குப் படியேறினோம், சண்டை போட்டோம், தூக்கம் கெட்டோம். அவளுடைய சாயங்காலத்தைப் பற்றிப் பேசின அளவுக்கு அவளோடு ஒருத்தரும் பேசவில்லை.

அத்தான் அவள் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார். "இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்றார்.

"நீங்க கேட்டீங்களா?" என்றாள் அக்கா.