ஒரு கண் மட்டும் அழுத விருந்து

மீன்குழம்பு புளி விட்டுக் கொதிக்கும் மணம் எங்கே எழுந்தாலும் எனக்கு ஒரு இடது கண் ஞாபகம் வருகிறது. தரகர் கொண்டுவந்த கலியாணப் பேச்சில், முள்ளியவளையிலிருந்து என் தங்கையைப் பார்க்க நெடுங்கேணிக்கு வந்தவரின் கண்.

தங்கைக்கு நாற்பது கடந்திருந்தது. அவள் சமைத்தாள், நான் பரிமாறினேன். முதல் கவளத்திலேயே அவருடைய இடது கண் நிரம்பிக் கன்னத்தில் வழிந்தது. வலது கண் காய்ந்தபடி நிதானமாக மீன்முள் தேடிக்கொண்டிருந்தது.

இடது காதின் பின்னால் ஒரு தழும்பு. எங்கள் பக்கம் தழும்பைப் பற்றிக் கேட்பதில்லை. கேட்டால் நம்முடையதையும் சொல்ல வேண்டிவரும். கேட்காத அந்த இடத்தில், அவர் மறக்காத ஒரு பெண்ணை நான் கற்பனையில் வளர்த்தேன். இதே கைப்பக்குவம், இதே புளி, எங்கோ இன்னமும் உயிரோடு.

அடுப்பெரிந்த குசினிக்குள் போய், "ஆரையோ நினைச்சு அழுகிறார்," என்றேன்.

"ஒரு கண்ணாலையோ? அப்ப அரைவாசிதான் நினைக்கிறார்," என்றாள் தங்கை. "நீங்கள் பொலிசிலை சேர்ந்திருக்க வேண்டிய ஆள் அண்ணை."

சிரித்தாள். ஆனால் அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

அடுத்த முறை அவர் வந்தபோது, தங்கை பார்த்திருக்க, மிளகாய்த்தூளும் உப்பும் தூவிய மாங்காய்க் கீற்றை அவர் முன்னால் வைத்தேன். வாய்க்குள் போகுமுன்பே கண் நிரம்பியது. மாங்காய்க்குமா ஒரு பெண்? பொறுக்க முடியாமல் வழக்கத்தை மீறினேன்.

"ஏன் அழுகிறியள்?"

"அழேல்லை. வாய் ஊறுது," என்றார். "காதடியிலை, சண்டை நேரம் வெடிச்ச செல்லின்ரை துண்டு. முகம் ஒரு பக்கம் விழுந்து, பிறகு மெல்லமெல்ல எழும்பினது. அறுந்த நரம்பு திரும்ப வளரேக்கை, எச்சிலுக்குப் போக வேண்டினது, கண்ணீர்ச் சுரப்பியை நடத்திற நரம்பு முடிச்சிலை போய்ச் சேர்ந்திட்டுதாம். டொக்டர் சொன்னவர், தன்ரை நரம்பை இழந்த முடிச்சு, வந்ததை ஏற்றுக்கொள்ளுமாம்."

நாம் கேளாமலே இயங்கும் நரம்புகள். அவற்றுக்கும் ஒரு வாழ்வு, ஒரு மறுகலியாணம். நம்பலாம்தான். ஆனால் உடம்பு தன் இழைகளை இப்படி மாற்றிக் கட்டிக்கொள்ளுமென்றால், அந்த முகத்தில் நான் எதைப் படித்து எதை நம்புவது? சிரிப்பு சிரிப்புத்தானா?

"செத்த வீட்டிலை?" என்றேன்.

"ரெண்டு கண்ணும் அழும் அண்ணை."

தங்கை என்னைப் பார்த்தாள். போதும் என்ற பார்வை.

வெளியே அவர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் ஏதும் கேக்க இருக்கோ அண்ணை?"

இருந்தது. நிறைய இருந்தது. "இல்லை," என்றேன்.

"எனக்கு இருக்கு," என்றாள் தங்கை, வாசல் படலையைப் பிடித்தபடி. "ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. அண்ணை வீட்டிலை நிக்கமாட்டார்."