கடற்கரைக்கு பாலிஷ்

ஆம்பூரில் ஷூ தைக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஷூவைப் படம் எடுக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருத்தன் நந்தகோபால். பைபாஸ் ரோட்டை ஒட்டிய ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில், சாம்பிள் ரூமுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறை அவனுடையது. ஒரு வெள்ளை மேஜை, இரண்டு பெரிய விளக்கு, ஒரு கேமரா, ஒரு ஸ்டூல். ஜெர்மனியிலும் இத்தாலியிலும் உட்கார்ந்துகொண்டு பையர்கள் கம்ப்யூட்டரில் பார்த்து ஆர்டர் போடுகிற ஷூ அத்தனையும் முதலில் அந்த மேஜைமேல் ஏறி இறங்கியதுதான்.

குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்தவன். பவர்லூம் சத்தம் அவனுக்கு ஆகவில்லை. பள்ளிக்கூடம் முடிந்த கையோடு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் போய் ஒட்டிக்கொண்டான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று ஊர் ஊராக அலைச்சல். எல்லாரும் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு, கடைசிப் பந்தியில் ஆறிப்போன சோறு. அந்தப் பிழைப்பு வெறுத்துத்தான் கம்பெனிக்கு வந்தான். வந்து இருபது வருடம் ஓடிவிட்டது. அதே கம்பெனியில் தையல் லைனில் இருக்கிற ஜோதியைக் கட்டிக்கொண்டான். ஸ்வேதா என்று ஒரே பெண், காலேஜுக்குப் போகிறாள்.

ஷூவைப் படம் எடுப்பது ஏதோ பட்டனை அமுக்குகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். காகிதத்தைக் கசக்கி உள்ளே திணித்து ஷூவை நிமிர்த்த வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கிற நூலை லைட்டரால் பொசுக்க வேண்டும். காய்ந்த பசையைத் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு குதிரைமுடி பிரஷ்ஷால் தூசி தட்ட வேண்டும், தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், அந்த ஷூவை மனுஷன் ஒருத்தன் காலில் மாட்டியதாகவே தெரியக்கூடாது. தோலில் ஒரு மடிப்பு, அடியில் ஒரு மண்துகள் இருந்தாலும் படம் ரிஜெக்ட். இருபது வருடம் இதையே செய்தால் கை தானாகத் துடைக்கும். நந்தகோபாலின் கை ஓட்டலில் டம்ளரைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் வாய்க்குக் கொண்டுபோகும்.

இவ்வளவும் செய்து என்ன கண்டான்? கேட்லாகின் கடைசிப் பக்கத்தில் டிசைன் செய்தவன் பெயர் இருக்கும். அச்சடித்த பிரஸ்ஸின் பெயரும் சிவகாசி விலாசமும் இருக்கும். படம் எடுத்தவன் பெயர் மட்டும் மருந்துக்கும் இருக்காது. ஒரு தடவை வெட்கத்தை விட்டு மேனேஜர் பரணிதரனிடம் கேட்டும் பார்த்தான். "ஷூவுக்கு எதுக்கு நந்தா போட்டோகிராபர் பேரு? ஷூ பேரு சொல்லும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவனுக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஒரே ஒரு படம், அதற்குக் கீழே 'படம்: நந்தகோபால்' என்று அச்சில் வர வேண்டும். சொத்து கேட்டானா, சுகம் கேட்டானா? கேட்டதெல்லாம் இந்த ஒரு வரிதான்.

அந்த ஒரு வரிக்கு வழி கொண்டுவந்தவன் சுஹேல் அகமது. வாணியம்பாடிக்காரன், தோல் பதனிடுகிற டேனரிகளுக்குக் கெமிக்கல் சப்ளை செய்கிறவன், நந்தகோபாலுக்குப் பழைய சிநேகிதம். சர்க்கரை ஜாஸ்தியாகிவிட்டது என்று டாக்டர் மிரட்டியதில் நடக்க ஆரம்பித்து, அந்தப் பித்து முற்றி, சென்னையில் ஒரு நடைக் குழுவோடு சேர்ந்துகொண்டவன். ஒருநாள் டீக்கடையில் விஷயத்தை உடைத்தான்.

"தோஸ்த், எங்க க்ரூப்புல ஒரு புக்கு போடுறாங்க. சதுரங்கப்பட்டினத்துல இருந்து மரக்காணம் வரிக்கும் கடலோரமாவே நடக்குற வழி. மூணு நாளு. படம் எடுக்க ஆளு தேடுறாங்க. நீ வர்றியா?"

"பேரு போடுவாங்களா பாய்?"

"படத்துக்குக் கீழயே போடுவாங்க. உனக்கு அதான் வியாதின்னு எனக்குத் தெரியாதா? மொதல்லயே கேட்டுட்டேன்."

நந்தகோபால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு லீவு எழுதிக் கொடுக்கப் போய்விட்டான். ஜோதி இரண்டு துண்டும் தைலமும் எடுத்து வைத்தாள். கேமரா பையில் லென்ஸுக்குப் பக்கத்தில் அவன் தன் குதிரைமுடி பிரஷ்ஷையும் சொருகிக்கொண்டான். அங்கேதான் சனி பிடித்தது.

முதல் நாள் காலை. கடல் ஒரு பக்கம் பளபளக்கிறது, சவுக்குத் தோப்பு ஒரு பக்கம் கருத்து நிற்கிறது, நடுவே கண்ணுக்கெட்டிய மட்டும் மணல். நந்தகோபால் கேமராவைக் கண்ணில் வைத்தான். வைத்தவன் இறக்கிவிட்டான். பார்த்தால் மணல் முழுக்கக் காலடி! முன்னே போன குழு, மாட்டுச்சந்தை கலைந்த மாதிரி மிதித்து வைத்திருந்தது. போதாததற்கு ஒரு பிய்ந்த செருப்பு, ஒரு பாட்டில் மூடி, காய்ந்த கடல்பாசி. இப்படி ஒரு படத்தை அவன் வாழ்நாளில் எடுத்ததில்லை. கை வரவில்லை. பிரஷ்ஷை எடுத்தான்.

செருப்பையும் மூடியையும் பொறுக்கித் தூர எறிந்தான். குனிந்து காலடிகளை ஒவ்வொன்றாக நிரவினான். நிரவி முடித்துத் திரும்பினால் அவனுடைய சொந்தக் காலடி வரிசையாக நின்று பல்லிளித்தது. சரி என்று பின்பக்கமாகவே நடந்து, நடக்க நடக்கத் தன் தடத்தையும் அழித்துக்கொண்டு கேமரா இருக்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தான். இடுப்பு விட்டுப்போயிற்று. பட்டனில் விரல் வைக்கிற நேரம், எங்கிருந்தோ ஒரு நாய் வந்து குறுக்கே நிதானமாக நடந்து போயிற்று. அடப்பாவி நாயே! மறுபடியும் முதலிலிருந்து.

குழு தூரத்தில் புள்ளி புள்ளியாகத் தேய்ந்துவிட்டது. இவனைத் தேடிக்கொண்டு சுஹேல்தான் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். வந்தவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னா தோஸ்த், கடற்கரைக்கு பாலிஷ் போடுறியா?"

"பாய், நீ வேற எரிச்சல கெளப்பாத. உங்க ஆளுங்கள கொஞ்சம் ஓரமா நடக்கச் சொல்லக்கூடாதா?"

"ஓரம்னா எது? ஒரு பக்கம் தண்ணி, ஒரு பக்கம் முள்ளு. பறந்தா போவாங்க?"

அன்றைக்கே பாலாறு கடலில் சேர்கிற இடமும் வந்தது. ஆம்பூரில் பாலத்துக்கு அடியில் மணலும் முள்ளுமாகக் கிடக்கிற அதே ஆறு, இங்கே அகலமாகக் கைவிரித்துக்கொண்டு கடல் ஓரத்தில் கிடந்தது. மற்றவர்கள் நின்று பார்த்தார்கள், பேசினார்கள், கால் நனைத்தார்கள், போய்விட்டார்கள். நந்தகோபாலுக்கும் ஒரு நிமிஷம் சும்மா நின்று பார்க்க ஆசைதான். ஆனால் அத்தனை பேர் கால்பட்ட சேறு அவன் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. குனிந்தவன் நிமிரவில்லை. தன் ஊர் ஆற்றை அவன் பிரஷ் முனையில்தான் பார்த்தான்.

மறுநாள் ஆலம்பரைக் கோட்டைப் பக்கம். இடிந்த மதில், நீலத் தண்ணீர், இரண்டு படகு, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் நட்டநடுவே மீனவர் ஒருத்தர் வலையைப் பரப்பி வைத்திருந்தார்.

"அண்ணே, இந்த வலைய கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கினா நல்லாயிருக்கும். படத்துல இடிக்குது."

"உன் படத்துக்காவ நான் வல காயப் போடல. போய்யா அந்தாண்ட!"

போனான். மூன்றாம் நாள் காற்று கிளம்பிவிட்டது. அவன் நிரவ நிரவ, காற்று தன் இஷ்டத்துக்கு வரி வரியாகக் கோடு போட்டது. லென்ஸில் உப்புத் தண்ணீர் தெறித்தது, வாயில் மணல் கடிபட்டது. இரண்டு வேளை சாப்பாடு தவறிப்போயிற்று, ஏனென்றால் இவன் போய்ச் சேர்வதற்குள் பாத்திரத்தைக் கழுவிவிட்டார்கள். இருபது வருடம் கழித்து மறுபடியும் கடைசிப் பந்தி! புத்தகத்தைத் தயாரிக்கிற கிறிஸ்டினா, குழுவை நடத்திப் போகிறவளும் அவள்தான், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன்மையாகவே சொன்னாள்.

"சார், உங்களுக்காக எல்லாரும் வெயிட் பண்றாங்க. கொஞ்சம் சீக்கிரம் எடுத்தா நல்லது."

"சீக்கிரம் எடுக்கணும்னா போன்லயே எடுத்துக்கங்க மேடம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவனுக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

ஆனாலும் பாருங்கள், வேலை முடிந்தது. ஊருக்குத் திரும்பிக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது அவனுக்கு நெஞ்சு விரிந்தது. ஒரு காலடி இல்லை, ஒரு குப்பை இல்லை. நேற்றுத்தான் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி ஒரு கடற்கரை. படங்களை அனுப்பிவிட்டு, தையல் லைனில் பாதிப் பேருக்கு ஜோதி மூலமாகச் செய்தியும் பரப்பிவிட்டான்.

கிறிஸ்டினாவிடமிருந்து போன் வந்தது.

"சார், படம் எல்லாம் ரொம்பச் சுத்தமா இருக்கு. ஆனா புக்குல போட முடியாது."

"ஏன் மேடம்? இன்னா கொற?"

"இது நடக்குறவங்களுக்கான புத்தகம் சார். ஒரு படத்துலயாவது வழி தெரியணுமில்ல? மனுஷன் நடந்த அடையாளமே எங்கயும் இல்லையே."

"மேடம், அதத்தான் மூணு நாளா குனிஞ்சி குனிஞ்சி அழிச்சேன்!"

அந்தப் பக்கத்தில் கிறிஸ்டினா "ஸாரி சார்" என்றாள். நந்தகோபாலுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கிறிஸ்டினாமேல் வந்தது, சுஹேல்மேல் வந்தது, குறுக்கே போன நாய்மேல் வந்தது. கடைசியில் தன்மேலேயே வந்தது. ஷூவுக்கும் கரைக்கும் வித்தியாசம் தெரியாதவனை என்னவென்று சொல்வது? அன்று ராத்திரி ஜோதி பரிமாறிய தட்டை அப்படியே நகர்த்தி வைத்தான்.

சில மாதம் கழித்துக் கொரியரில் புத்தகம் வந்தது. வேண்டாம் என்றுதான் தள்ளி வைத்தான், பிரித்தது ஜோதிதான். முதல் பக்கத்தைப் பார்த்ததும் கூவினாள்.

"இன்னாங்க! இங்க பாருங்க, உங்க பேரு வந்திருக்குது!"

பாய்ந்து வந்து வாங்கிப் பார்த்தான். பக்கம் முழுக்க ஒரே படம். பாலாறு கடலில் சேர்கிற இடம். ஒருபக்கம் ஏராளமான காலடி, ஒருபக்கம் வழித்துவிட்ட மணல், நடுவே ஒரு மனுஷன் வளைந்து குனிந்து பிரஷ்ஷோடு பின்பக்கமாக நடந்துகொண்டிருக்கிறான். தூரத்தில் குழு போய்க்கொண்டிருக்கிறது. அடியில் எழுதியிருந்தது: 'பாலாற்று முகத்துவாரத்தில் ஆம்பூர் நந்தகோபால். படம்: சுஹேல் அகமது.'

அப்போதே சுஹேலுக்குப் போன் போட்டான்.

"தோஸ்த், அல்லா மேல ஆணையா சொல்றேன், நான் உன்னக் கலாய்க்கத்தான் போன்ல எடுத்தேன். க்ரூப்புல போட்டேன். அந்த மேடம் பாத்துட்டு இதான் வேணும்னுச்சி. நான் இன்னா பண்ணட்டும்?"

நந்தகோபால் போனை வைத்தான். ஜோதிக்கு அவன் முகம் விளங்கவில்லை.

"பேரு வரணும்னு கெடந்து அடிச்சிக்கினீங்க. வந்திருக்குது. இன்னும் இன்னா?"

"அது படத்துல இருக்கிற ஆளோட பேருடி!"

"அந்த ஆளு யாரு? நீங்கதான?"

நந்தகோபால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்து, அந்தப் படத்தில் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தான். கடல் கோடு ஒரு நூல் இடதுபக்கம் சாய்ந்திருக்கிறது. ஓரத்தில் யாரோ ஒருத்தருடைய பை பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. வானம் வெளுத்துக் கிடக்கிறது. எல்லாம் சரிதான், ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கடுப்பாக இருந்தது.

ஜோதி சும்மா இருப்பாளா? மறுநாள் புத்தகத்தைப் பையில் போட்டுக் கம்பெனிக்குக் கொண்டுபோய்விட்டாள். தையல் லைன் பார்த்தது, கட்டிங் பார்த்தது, பேக்கிங் பார்த்தது. "அண்ணாத்த, பொஸ்தகத்துல வந்துட்டீங்களே" என்று வருகிறவன் போகிறவனெல்லாம் தோளைத் தட்டினான். நந்தகோபால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பழுப்பு நிற ஷூவுக்குள் காகிதம் திணித்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் அறைக் கதவு திறந்தது. பரணிதரன் உள்ளே வந்தார். படம் எங்கே, படம் எங்கே என்று போனில் விரட்டுவாரே தவிர, அந்த அறைக்குள் அவர் கால் வைத்ததாக நந்தகோபாலுக்கு ஞாபகமே இல்லை. கையில் அந்தப் புத்தகம்.

"பிரமாதம் நந்தா" என்றார், ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டே. "பாத்துக்கினே இருக்கலாம் போல இருக்குது."

"தேங்ஸ் சார்."

"நம்ம ஜெர்மன் பையரு இந்தத் தடவ வெள்ள டேபிள் படம் வேணாங்கிறாரு. ஷூவ மாட்டிக்கினு ஜனங்க நடக்கணுமாம். வெளிய, மண்ணுல, அழுக்கோட. கேட்லாகு முழுக்க அப்படித்தான் கேக்குறாரு. எடுக்கிறவரு பேரகூட முன்பக்கத்துல போடலாம்னு சொல்லிட்டாரு."

நந்தகோபாலின் கையிலிருந்த காகிதம் அப்படியே நின்றது. ஸ்டூலில் இருந்தவர் புத்தகத்தைப் பிரித்து, படத்துக்குக் கீழே இருந்த எழுத்தில் விரல் வைத்தார்.

"இந்த சுஹேல் அகமது உனக்குத் தெரிஞ்ச ஆளாமே? நம்பரு குடேன்."

தப்பான நம்பரைக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு நந்தகோபால் ஷூவை மேஜைமேல் வைத்துவிட்டு, போனை எடுத்துப் பார்க்காமலேயே, சுஹேலின் நம்பரை நிறுத்தி நிறுத்தி, சரியாகச் சொன்னான்.