பெட்டியைத் தள்ளியது யார்?

என் வீட்டுக்காரர் நியாமிகேவுக்கு வாய் சும்மா இருக்காது. ஊரே ஒன்றைச் சொன்னால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு வைப்பார். தேங்காய் உரித்து எண்ணெய் காய்ச்சுகிற மனுஷனுக்கு எதற்கு இந்த வக்கீல் வேலை? ஆனாலும் சாவு விழுந்தால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கழுத்து அப்படி. சவப்பெட்டியைத் தலையில் ஏற்றினால் ஆடாமல் நடப்பார். முன்னால் அவர், பின்னால் அவர் கூட்டாளி கபென்லா. வருஷக்கணக்காக அந்த ஜோடிதான்.

படகுக்காரன் அசானே வயிற்றுவலியில் திடீரென்று செத்தபோதும் அவர்கள்தான் தூக்கினார்கள். சாகிற வயதில்லாமல் ஒருத்தன் செத்தால் எங்கள் ஊரில் செத்தவனையே கேட்காமல் புதைப்பதில்லை. ஊர்ப் பெரியவர் மண்ணில் சாராயம் ஊற்றி, "உன்னைக் கொன்னவங்க வாசலைக் காட்டுப்பா" என்பார். உள்ளே இருக்கிறவன் தள்ளத் தள்ள, பெட்டி தூக்குகிறவர்களை இழுத்துக்கொண்டு போகும். யார் கதவில் முட்டுகிறதோ அவர் அன்றைக்கே ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான். வீட்டையும் இடித்துவிடுவார்கள்.

அன்று விடிந்ததிலிருந்து எல்லார் வாயிலும் யாபாவின் பெயர்தான். அவள் கைம்பெண், மரவள்ளி மாவு அவித்து விற்றுப் பிழைக்கிறவள். தென்னந்தோப்பு எல்லைத் தகராறில் அசானேவைப் பார்த்து, "நாசமாப் போவே" என்று சொல்லியிருந்தாள். அது போதாதா?

பெட்டி கிளம்பியது. கடற்கரைப் பக்கம் தள்ளாடியது, திரும்பியது, யாபா வீட்டுச் சந்தில் நுழைந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. அப்போது என் வீட்டுக்காரர் காலை ஊன்றி நின்றுவிட்டார். பெட்டியும் நின்றது.

"நடப்பா!" என்றார் பெரியவர்.

"அசானே என்னைத் தள்ளலை, ஐயா. கபென்லாதான் தள்ளுறான்."

"யாரு, நானா?" கபென்லா அழாத குறை. "எங்கம்மா சத்தியமா நான் தள்ளலைடா!"

"நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லலை. காலைலேருந்து யாபா யாபான்னு கேட்டுக்கேட்டு, உனக்கே தெரியாம கால் அங்க போகுது. ஐயா, எங்க ரெண்டு பேர் கண்ணையும் கட்டுங்க. மணல்ல நாலு சுத்து சுத்தி விடுங்க. அப்பவும் பெட்டி இங்கயே வந்தா நான் வாயைத் திறக்கமாட்டேன்."

"செத்தவனுக்கே பரீட்சை வைக்கிறியா? அந்தச் சூனியக்காரி யாபா உனக்கு என்னடா ஊட்டினா?" என்றார் பெரியவர்.

கூட்டம் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "ஊரோட ஒத்துப் போங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்று நானே கத்தினேன். அவர் பெட்டியை இறக்கி வைத்தார். பாதி வழியில் இறக்குவது எவ்வளவு பெரிய குற்றம் என்று அவருக்குத் தெரியாதா? வேறொருத்தன் முன்னால் நின்றான். பெட்டி நேரே போய் யாபாவின் கதவை உடைத்தது. சாயங்காலம் அவள் மாவுச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்களிடம் எண்ணெய் வாங்குவாரில்லை. வலை இழுக்க இவரைக் கூப்பிடுவாரில்லை. "ஒரு வார்த்தை, தப்புன்னு சொல்லிடுங்க" என்று நான் மன்றாடாத நாளில்லை. "தப்புன்னு எனக்குத் தோணட்டும், சொல்றேன்" என்பார். அந்தப் பிடிவாதத்தை உலக்கையால் இடிக்கவேண்டும் போலிருக்கும்.

மழைக்காலத்தில் என் மாமியார் போய்ச் சேர்ந்தார். வயதான சாவு, கேட்க ஒன்றுமில்லை, புதைத்தால் போதும். இவர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஒருத்தனும் வரவில்லை, கபென்லாகூட. பெற்ற தாய் கூடத்தில் கிடக்க, அந்த மனுஷன் தனியாகப் பெட்டிக்கு ஆணி அடித்தார். சேலைத் துணியைச் சும்மாடாகச் சுற்றினேன்.

"முன்னால நீங்க. பின்னால நான்."

"பொம்பளை தூக்கினா ஊரு என்ன சொல்லும்?"

"இப்பத்தான் ஊரை நினைக்கிறீங்களாக்கும்! தூக்குங்க."

தூக்கினோம். வழியெங்கும் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. பெட்டி தங்கள் பக்கம் திரும்பிவிடுமோ என்று அத்தனை பேருக்கும் பயம். இடிந்து கிடந்த யாபாவின் வீட்டைத் தாண்டினோம். தலையில் கனத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அடுத்தது கபென்லாவின் வீடு. அவன் வாசலிலேயே நின்றான், நகரக்கூட முடியாமல். அவனைப் பார்த்ததும் எனக்குள் பற்றிக்கொண்டது. பெட்டி ஒரு முழம் திரும்பினால் போதும், இவனும் யாபா மாதிரி சட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். பெட்டி அவன் பக்கம் திரும்பியது.

என் வீட்டுக்காரர் காலை ஊன்றினார்.

"அகுபா," என்று என்னைக் கூப்பிட்டார், திரும்பாமலே. "தள்ளுறது யாரு? எங்கம்மாவா, நீயா?"

கபென்லா கேட்டுக்கொண்டு நின்றான். சாத்திய கதவுகளுக்குப் பின்னால் ஊரே கேட்டுக்கொண்டிருந்தது.

"நான்தான்," என்றேன்.