மரம் எந்தப் பார்ட்டி?

எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனாலும் இன்று என் ஷெட்டில் ஆறு டாக்ஸி நிற்கிறது. எல்லாம் நான் வியர்வை சிந்திச் சேர்த்தவை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கென்ன கூச்சம்?

என் மனைவியின் தம்பியும் டாக்ஸிக்காரன்தான். ஒரே ஒரு பழைய கார் வைத்துக்கொண்டு அவன் நடக்கிற நடையைப் பார்த்து ஊரே "துரை" என்று கூப்பிடும். என்னிடம் வந்து ஓட்டச் சொன்னால், "அடுத்தவன் ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் அத்தான்" என்பான். சோறும் ரோஷமும் அவனுக்கு அந்தக் கார்தான்.

புயலில் எதிர்வீட்டு மரம் சாய்ந்து அதைத் தட்டையாக நசுக்கிவிட்டது. என் மனைவி அழுதாள். அவன் சிரித்தான்.

"எதுக்குக்கா அழற? தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருக்கு. நான் ஒண்ணு, கம்பெனி ரெண்டு, மூணாவது பார்ட்டி மரம்!"

அவனோடு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள்.

"மரமெல்லாம் பார்ட்டி இல்லண்ணே. உங்க காரால அடுத்தவங்களுக்கு வர்ற சேதத்துக்குத்தான் இந்த பாலிசி. புயல்ல உங்க வண்டி அடிபட்டா பணம் வரணும்னா ஃபுல் கவர் எடுத்திருக்கணும்."

"அப்போ கார்தான் மரத்துல மோதுச்சுன்னு எழுதிக்கோம்மா."

"அப்பவும் பணம் மரத்துக்காரருக்குத்தான்ணே போகும்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். துரை கவுண்டர் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"சரி, இப்ப ஃபுல் கவர் போட்டுக் குடு தாயி."

"இனிமே போட்டா, விழுந்த மரத்துக்குச் செல்லாதுண்ணே."

"எனக்கு வேற பொழப்பு தெரியாதும்மா. எதாவது பண்ணு." அவன் குரல் உடைந்தது. பின்னாலிருந்தவர், "நகருப்பா, என் காரும் தண்ணியிலதான் கிடக்கு" என்றார்.

"என் ஆறு வண்டிக்கும் ஃபுல் கவர்! தலைபாடா அடிச்சுக்கிட்டேனே, கேட்டியாடா?" என்றேன். உள்ளதைத்தானே சொன்னேன்.

"அத்தான், உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன், இங்க வேணாம்" என்றான்.

மறுநாள் விடிந்ததும் ஷெட்டுக்கு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. சாவிப் பலகையைப் பார்த்தபடி, "எந்த வண்டி முதலாளி?" என்றான்.

எத்தனையோ டிரைவர்கள் வாயால் கேட்டுப் பூரித்த வார்த்தைதான். அவன் சொன்னதும் ஊசியாகக் குத்தியது.

"டேய், அத்தான்னு கூப்பிடுடா."

"அது வீட்டுல" என்று சாவிக்காகக் கையை நீட்டினான்.