பஞ்சாமிர்தமும் ஒரு சொப்பிங் பாக்கும்

சித்தப்பா சாவகச்சேரிப் பக்கம் கலியாணம் கட்டிச் சின்னம்மாவைச் சுன்னாகத்துக்குக் கூட்டிவந்த கொஞ்ச நாளிலேயே வீட்டில் சின்னம்மாவின்மேல் சந்தேகம் தொடங்கிவிட்டது. தேத்தண்ணீருக்குப் பனங்கட்டி கடிக்கமாட்டார். மாம்பழம் வெட்டினால் எழும்பிப் போய்விடுவார். கோயில் பஞ்சாமிர்தம் அவர் கைக்கு வந்தால் அடுத்த நிமிடம் அது என் கையில் இருக்கும். கேட்டால் ஒரே பதில்தான்.

"வயித்துக்கு ஒத்துவராது, மச்சாள்."

மச்சாள் என்றது என் மாமியை, அப்பாவின் அக்காவை. வீட்டு வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது அவர்தான். "சாமிக்குப் படைச்சது ஆருக்கு ஒத்துவராது? உவள் ஒளிச்சு வேதத்திலை சேர்ந்திட்டாள்," என்று அம்மாவிடம் சொன்னார். வேதம் என்றால் எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவம். மதம் மாறிய சிலர் படையலைத் தொடுவதில்லை என்பது ஊருக்கே தெரியும். "எங்கடை உபயத்திலை பாப்பம். தின்னாட்டில் தாய் வீட்டை அனுப்பவேண்டியதுதான்." சின்னம்மா அப்போது குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றார். மாமியின் குரலோ கிணற்றடிவரை கேட்கும்.

மாமியின் சந்தேகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. சின்னம்மாவின் தலையணைக்குக் கீழே பைபிளைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் பூச்சி அரித்த சூத்தைப் பல் இருக்க, அவருக்கு ஒன்றுகூட இல்லாததும் எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் குடும்பம் செலவேற்றுச் செய்யும் உபயத் திருவிழா வந்தது. புறப்படுமுன் சின்னம்மா ஒரு பொலித்தீன் சொப்பிங் பாக்கை மடித்துக் கைப்பைக்குள் வைப்பதைக் கண்டேன். பஞ்சாமிர்தத்தை ஒளிக்கத்தான் என்று உடனே முடிவுகட்டினேன். பூசை முடிந்ததும், சனத்துக்கு நடுவில், மாமி சின்னம்மாவின் உள்ளங்கையில் பஞ்சாமிர்தத்தை வைத்தார். சித்தப்பா தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கைப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சின்னம்மா முழுவதையும் சாப்பிட்டுக் கையையும் நக்கினார்.

"எங்கடை பிள்ளைதான்," என்று மாமி அவரை அணைத்துக்கொண்டார். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

ஆட்டோவில் திரும்பும்போது சின்னம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது. பாக்கை விரித்து, ஓங்காளித்து அதற்குள் சத்தி எடுத்தார். பிறகு மாமியின் மடியில் நினைவில்லாமல் சரிந்தார். "பிள்ளை, கண்ணைத் திற," என்று மாமி அழுதார். ஆட்டோ பெரியாஸ்பத்திரிக்குத் திரும்பியது.

குளுக்கோசு ஏற்றி அவரை எழுப்பிய டொக்டர், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். "நீங்கள் இனிப்பே சாப்பிடுறேல்லையோ?" என்று கேட்டார். பரிசோதனைகளுக்குப் பிறகு விடை வந்தது. பழத்திலும் சீனியிலும் உள்ள வெல்லம் என்ற இனிப்புச் சத்து ஒன்று ஈரலில் பொசுபேற்று என்ற இரசாயனத்தோடு சேர்ந்ததும், அதைப் பிரித்து உடலுக்கு உதவும்படி மாற்ற ஒரு நொதியம் வேண்டும். சின்னம்மாவுக்கு அது பிறவியிலேயே சரியாக இல்லை. மாற்ற ஆளில்லாத வெல்லம் அங்கேயே தேங்கி, இரத்தத்துக் குளுக்கோசையும் விழுத்திவிடுகிறது. அதன் பிறகு பஞ்சாமிர்தத் தட்டு வந்தால் மாமியே குறுக்கே நின்று மறிப்பார்.

உயர்தர வகுப்பில் அந்த நொதியத்தைப் படித்தபோதுதான் அந்த பாக் திரும்ப நினைவுக்கு வந்தது. சின்னம்மாவுக்கு அன்று நொதியத்தின் பெயர் தெரியாது. ஆனால் இனிப்பு தன்னை என்ன செய்யும் என்று சிறுவயது முதலே தெரியும். தெரிந்துதான் பாக்கை மடித்து வைத்திருக்கிறார். அன்று முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது மட்டும் விளங்கவில்லை.