வேணாமென்று சொன்ன ஸ்வாப்

முட்டாள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சக் கதையை நிம்மதியாகச் சொல்லலாம்.

மனைவியின் கொம்பியூட்டரில் இருந்தது களவாக ஏற்றிய சிஸ்டம். களவு ஹராம் என்று வீட்டுக்குள் ஒரு பயான் பிரசங்கமே நடத்தி, அதைத் துடைத்தெறிந்து காசு கேட்காத லினக்ஸ் போட்டவன் நான். போடும்போது அது மரியாதையாகத்தான் கேட்டது: ஸ்வாப் இடம் ஒதுக்கட்டுமா? அதாவது, ரேம் நிரம்பினால் மிச்சத்தை இறக்கிவைக்க ஹார்ட் டிஸ்க்கில் கொஞ்ச இடம். வேண்டாம் என்றேன். ஸ்வாப் என்பது ரேம் இல்லாத ஏழைகளுக்கு என்று இணையத்தில் ஒரு மேதாவி எழுதியிருந்தார். அவருடைய மெஷினில் ரேம் கொட்டிக் கிடந்திருக்கும். எங்களுடையதில் இருந்ததோ கிள்ளித் தெளித்த மாதிரி. பசி வயிற்றோடு கலியாண வீட்டுக்குப் போய், "இப்பதான் சாப்பிட்டன்" என்று சொல்கிற வெட்டிக் கௌரவம். வேறென்ன?

அவ கேட்டது ஒன்றே ஒன்று: "சேலை டிசைன் வரையிற வேலை நிக்காதுதானே?"

"நிக்கிறதா? பறக்கும் புள்ள!"

பறந்தது டிசைன்தான். மருதமுனையில் தறி வைத்திருக்கும் அவவின் மூத்த சகோதரரான காக்கா, ஒரு கலியாணச் சேலையின் டிசைனை முதல் தடவையாகத் தங்கச்சியை நம்பிக் கொடுத்திருந்தார். மறுநாள் பின்னேர அஸர் தொழுகைக்கு முன் கிடைக்காவிட்டால் வேறு ஆளிடம் போய்விடும். கரையில் பூ வைத்து முடிக்கிற நேரம் மவுஸ் அம்பு அப்படியே உறைந்துபோனது. அணைத்துப் போட்டதில், சேமிக்காத பூவெல்லாம் செத்து மையத்து. அவ மணிக்கூட்டைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. ஏசியிருந்தால் பரவாயில்லை.

"ஸ்வாப் போட்டா எல்லாம் சரி" என்று உட்கார்ந்தேன். டிஸ்க்கில் ஒரு பெரிய கோப்பை உண்டாக்கி, மற்றவர் தொடாதபடி பூட்டி, இதுதான் ஸ்வாப் என்று அதற்கு அடையாளம் வைத்து, இயக்கிவிட்டேன். நாலைந்து கட்டளைதான். ஆனால் நான் தட்டிய தட்டுக்கு, ஏதோ ரொக்கெட் விடுகிறான் என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள். டிசைன் திறந்தது, உறையவில்லை. உடனே எனக்குள் இருந்த விரிவுரையாளர் எழும்பிவிட்டார்.

"விருந்துல சோத்துச் சஹனைச் சுத்தி ஆள் நிரம்பினா, மிச்ச ஆக்களப் பின்னுக்கு இருத்திக் குடுக்கிறல்லையா? அதுதான் புள்ள ஸ்வாப்."

"பின்னுக்குப் போற சோறு ஆறித்தானே போகும்?"

"ஓம், கொஞ்சம் ஆறும்."

"ஆறின சோத்துக்கா இவ்வளவு கதை?"

மறுநாள் காலை கரண்ட் போய் வந்தது. அவ மெஷினைப் போட்டு, சேலையின் உடம்பு முழுக்கப் புட்டா என்கிற சின்னப் பூக்களை நிரப்பிக்கொண்டிருந்தா. ளுஹர் தொழுகைக்குப் பிறகு காக்காவும் வந்து உட்கார்ந்தார். அவர் கண் முன்னாலேயே அம்பு மறுபடி உறைந்தது.

நான் இயக்கிய ஸ்வாப், மெஷின் அணையும்வரைக்கும்தான். எழும்பும்போது தானாக இயங்க வேண்டுமென்றால், அதற்கென்று இருக்கிற ஒரு கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். விரிவுரை செய்த வாய்க்கு அந்த ஒரு வரி ஞாபகம் வரவில்லை.

"என்ன மச்சான், படம் மாட்டின மாதிரி தொங்குது?" என்றார் காக்கா. "நீங்கதானே சொன்னீங்க, உலகத்துப் பெரிய மெஷினெல்லாம் இதுலதான் ஓடுதெண்டு?"

"ஓம் மச்சான், அதெல்லாம் ஓடுது."

"அப்ப உங்கட கை பட்டதுதான் நிண்டிருக்கு."

உறைந்ததை அணைத்துப் போட்டு, அந்த வரியை எழுதினேன். இன்னொரு தரம் அணைத்து, திரும்பவும் போட்டு, ஸ்வாப் தானாக எழும்பியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவ என்னைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டு, போன புட்டாவையெல்லாம் முதலிலிருந்து வைத்தா. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு தரம் சேமித்தா. சேமிக்கிற பட்டனை அவ அழுத்திய அழுத்தம் என் கழுத்துக்குரியது என்பது எனக்கு விளங்காமலில்லை. காக்கா தேத்தண்ணி குடித்தபடி பள்ளிவாசல் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தார். அஸர் பாங்கு சொல்வதற்குச் சற்று முன் டிசைன் அவர் பென்டிரைவில் ஏறியது. பார்த்தார், தலையாட்டினார். அடுத்த சேலையும் தங்கச்சிக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெட்கம் கெட்டவனுக்கு அது போதும். வெற்றியில் பாதி என்னுடையது என்ற நினைப்பில் அவவிடம் போய்க் கேட்டேன்: "அடுத்த டிசைனுக்கு ஸ்வாப்ப இன்னும் கொஞ்சம் கூட்டி விடட்டா புள்ள?"

"உங்கட உம்மா வீட்டுக்குப் பெட்டியக் கட்டிட்டுக் கூட்டுங்க."