சித்தி பாட்டை மறந்த சாயங்காலம்

என் சித்தி ஜாஸ் பாடகி. முத்தையாபுரத்தில் எங்கள் தெருவில் அந்தச் சொல்லுக்கு யாருக்கும் பொருள் தெரியாது. அப்பாவிடம் கேட்டால், "கப்பல்ல பாடுதா" என்று முடித்துக்கொள்வார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அவருக்குக் கப்பல் என்றால் நிலக்கரியும் உரமும்தான். அதில் ஒருத்தி மினுமினுக்கும் உடுப்பு போட்டுக்கொண்டு பாடுவதும், அதைக் கேட்கவென்றே ஆட்கள் ஏறி ஊர் ஊராகப் போவதும் அவருக்கு நம்பும்படியாக இல்லை.

அம்மாவும் சித்தியும் ஒரே மாதா கோயில் பாடற்குழுவில் வளர்ந்தவர்கள். அம்மா கீபோர்டு வாசிப்பாள், சித்தி பாடுவாள். அம்மா கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சித்தி, பார்த்த மாப்பிள்ளைகளையெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய் ஓட்டல்களில் பாடினாள். அங்கிருந்து கோவா, அப்புறம் உல்லாசக் கப்பல். அவள் அனுப்பும் படங்களை அம்மா ஒருமுறை பார்த்துவிட்டுப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துவிடுவாள்.

நான் நாலாம் வகுப்பு படித்தபோது, கிறிஸ்துமஸுக்குச் சித்தி வந்தாள். வந்த அன்றே எனக்கு அவளைப் பிடிக்காமல் போயிற்று. எனக்கென்று எடுத்துவைக்கும் மீன் சினை அவள் தட்டுக்குப் போனது. அம்மாவுக்குப் பக்கத்தில் நான் படுக்கும் இடத்தில் அவள் படுத்தாள். எல்லாவற்றையும்விட, அம்மா சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தோள் குலுங்க, நான் அதுவரை கேட்டிராத ஒரு சிரிப்பு. அதை இத்தனை நாளும் எனக்குக் கொடுக்காமல் யாருக்காக வைத்திருந்தாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டு மாலுமிகளுக்கு ஒரு மன்றம் இருந்தது. அங்கே பண்டிகைக்காகப் பாட வேண்டும் என்று சித்தியைக் கேட்டார்கள்.

"அக்கா வாசிச்சாத்தான் பாடுவேன்" என்றாள் சித்தி.

"நான் பூசைக்கு வாசிக்கிறவ. ஒன் பாட்டெல்லாம் எனக்கு மறந்து போச்சு. என்னைய இழுக்காதளா" என்றாள் அம்மா.

"வாசியேன். யாரு உன்னக் கடிச்சுத் திங்கப் போறா" என்றார் அப்பா.

பங்குச் சாமியாரிடம் கேட்டுக் கோயில் கீபோர்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் அம்மாவின் விரல்கள் பூசைப் பாட்டின் பழக்கத்தில் ஒழுங்காகவே நடந்தன. "தாளத்துக்கு முன்னால ஓடாத அக்கா. கொஞ்சம் பின்னால வா. அது எங்கயும் போயிராது" என்பாள் சித்தி. போகப் போக அம்மாவின் கைகள் எனக்குத் தெரியாத யாரோ ஒருத்தியின் கைகளாக மாறின. அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. நான் வாய்ப்பாடு ஒப்பிக்க நின்றேன். "பொறுளா" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே. சித்திக்குத் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

தொண்டை கட்டவில்லை. அந்தச் சாயங்காலம் மன்றத்தில் காகித நட்சத்திரங்களுக்குக் கீழே மாலுமிகள் கேக்கும் டீயுமாக உட்கார்ந்திருந்தார்கள். சித்தி ஆங்கிலத்தில் மழையைப் பற்றிய பாட்டு ஒன்றைப் பாடினாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அம்மாவும்.

பாதிப் பாட்டில் சித்தி சட்டென்று நிறுத்தினாள். மைக்கை இறக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து நின்று, அம்மாவைப் பார்த்தாள்.

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்பாவின் கையைப் பிடித்து, "சித்தி மறந்துட்டா" என்றேன்.

அம்மா மாட்டிக்கொண்டாள். தலையைக் குனிந்துகொண்டு பாட்டின் மெட்டையே ஒருமுறை வாசித்தாள். பிறகு அதை விட்டு எங்கோ போனாள். வேகமாகவும் இல்லை, சத்தமாகவும் இல்லை; தெரிந்த வழியிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பி, அங்கிருந்து இன்னொரு சந்து. காலிலிருந்து செருப்பு கழன்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை. நரைத்த மாலுமி ஒருவர் டீயைக் கீழே வைத்துவிட்டார். பாட்டு முடியும் முன்பே கை தட்டினார்கள், அம்மாவுக்காக. அதற்கப்புறம்தான் சித்தி முன்னால் வந்து மீதியைப் பாடினாள்.

திரும்பும்போது ஆட்டோவில் நான் கேட்டேன். "நடுவுல மறந்துட்டீங்கல்லா சித்தி? அம்மாதான் சமாளிச்சா."

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். சித்தி அவள் கையை அமுக்கினாள்.

"ஆமாளா. ஒங்கம்மா மட்டும் இல்லன்னா மானம் போயிருக்கும்."

அம்மா வெளியே உப்பளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கச்சிக்காக வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தெருவில் விசாரித்தவர்களிடமெல்லாம் சித்தி மறந்த கதையைச் சொன்னேன். சித்தி பக்கத்தில் நின்று தலையாட்டினாள். புது வருஷம் பிறந்ததும் அவள் கப்பலுக்குப் போய்விட்டாள். கீபோர்டு கோயிலுக்குப் போனது. மீன் சினை என் தட்டுக்கு வந்தது.

போன வருஷம் பெங்களூரில் அலுவலகத் தோழி ஒருத்தி என்னை ஒரு ஜாஸ் கச்சேரிக்குக் கூட்டிப்போனாள். பாடிக்கொண்டிருந்த பெண் பாதியில் நிறுத்திவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். "மறந்துட்டாங்களா?" என்று கேட்டேன். தோழி சிரித்தாள். கூட வாசிப்பவர் தனியாக வாசிக்க இடம் விட்டிருக்கிறாள்; இந்த இசையில் அதுதான் வழக்கம் என்றாள்.

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். "அன்னைக்கு மன்றத்துல சித்தி மறக்கலைல்லா?"

"மறக்கல. எனக்காகத்தான் ஒதுங்கி நின்னா." பிறகு சொன்னாள்: "அவ திரும்பி மைக்குக்கு வந்திரக் கூடாதுன்னு நெனச்சேன்ளா. அப்படியே அங்கனயே நின்னுக்கட்டும்னு."

அந்தக் கூட்டத்தில் சித்தியைப் பார்த்து வயிறெரிந்தது நான் ஒருத்திதான் என்று அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.